பாண்டியம்மா அக்காவின் வயிறும் எங்கள் டேப்பும்

“…நடக்கச் சொன்னது நீங்கதானம்மா. இந்தப் பக்கமா நடக்காதன்னு சொல்லலையே” என்று பாண்டியம்மா அக்கா அந்த நர்ஸிடம் கேட்டார்.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையின் மூன்றாவது மாடி வராந்தா அது. ஒரு கையால் என் தோளைப் பிடித்திருந்தார். இன்னொரு கை, இடது விலாவுக்குக் கீழே கட்டுப் போட்டிருந்த இடத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. நர்ஸுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு வழியை மறித்து நின்றது. அக்கா அடுத்து என்ன செய்தார் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த வராந்தாவுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று தெரியாமல் அதைக் கேட்டால் ருசிக்காது. அதனால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அலுவலகத்துக்குப் போயிருந்தேன். திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குப் பின்பக்கம் இருக்கிற ஒரு மாடிக் கட்டடம். அங்கே புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. வெறுங்காலோடு தகட்டில் ஏறி, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நின்றால் போதும். உடம்பில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிடுகிறது. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னையும் ஏற்றி நிறுத்தினார்கள். சீட்டைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, ஊருக்கெல்லாம் சொன்னீங்களே” என்று சிரித்தார்கள்.

“ஊருக்குச் சொன்ன அவசரத்துல எனக்குச் சொல்லிக்க மறந்துட்டேன்டி” என்றேன்.

அதில் ஒரு பெண் கேட்டது: “இந்த மெஷின் இல்லாம வெறும் டேப்ப வச்சுக்கிட்டு நீங்கள்லாம் என்னக்கா பண்ணீங்க?”

நல்ல கேள்வி. வீட்டுக்கு வந்து யோசித்தேன். இருபத்தைந்து வருடமாக எரியோடு பக்கமும் நெய்க்காரப்பட்டி பக்கமும் டவுன் தெருக்களிலும் ஆயிரக்கணக்கான வயிறுகளைச் சுற்றி டேப் பிடித்திருக்கிறேன். என்ன பண்ணினோம் என்று கேட்டால், பேசினோம். பேசிக்கொண்டே அளந்தோம்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். மிச்சப் படிப்பெல்லாம் பொட்டலம் மடித்து வரும் பேப்பரிலும், ஆட்களின் வாயிலிருந்தும் வந்ததுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் எஸ்தர் துணி கொண்டுவந்தார். நான் மற்ற பெண்களுக்கு அளவெடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், “முன்னப் பின்னத் தெரியாதவங்க உங்ககிட்ட கூச்சமில்லாம கையத் தூக்கி நிக்கிறாங்களே, எப்படி?” என்று கேட்டார்.

“பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா கூச்சம் எந்திரிச்சுப் போயிரும் டாக்டர்.”

அடுத்த வாரமே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். ஆராய்ச்சி என்றதும் நான் கண்ணாடிக் குடுவைகளை நினைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தது ஒரு டேப், ஒரு எடை மெஷின், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு பை நிறைய டம்ளர், கரண்டி, கிண்ணம். ஆட்களின் உடம்பில் கொழுப்பு எங்கே சேருகிறது, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு நடக்கிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள், இதற்கெல்லாம் சர்க்கரை நோயோடு என்ன சம்பந்தம்? இதைத் தெரிந்துகொள்ள வருடா வருடம் அதே வீடுகளுக்குப் போய் அதே ஆட்களை அளப்பதுதான் ஆராய்ச்சி.

தையல்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. டேப்புக்குள் இரண்டு விரலை விட்டுத்தான் அளவு சொல்வோம். ரவிக்கை போட்டவர் மூச்சு விட வேண்டாமா? பயிற்சியின்போது டாக்டர் எஸ்தர் ஒன்றும் சொல்லாமல் என் விரல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டு, “மறுபடியும்” என்றார். அதுதான் அவருடைய வார்த்தை. திட்ட மாட்டார், சத்தம் போட மாட்டார், பாராட்டவும் மாட்டார். “மறுபடியும்.” அந்த ஒரு வார்த்தையிலேயே என் பயிற்சிக் காலம் முடிந்துபோனது.

இடுப்பளவு எடுப்பது சாதாரணக் காரியம் என்று நினைப்பீர்கள். விலா எலும்பு எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. டேப் அந்தப் புள்ளி வழியாக, பின்னால் ஏறாமல் முன்னால் இறங்காமல், தரைக்குச் சமமாகச் சுற்றி வர வேண்டும். தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. அளக்கப்படுகிறவர் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே மறைப்பார். எல்லாரும் மறைப்பார்கள், நானும் மறைப்பேன். அதனால் ஏதாவது பேச்சுக் கொடுத்து, அவர் பதில் சொல்லி முடித்து மூச்சு தானாக வெளியே வரும் அந்த நொடியில் எண்ணைப் பார்க்க வேண்டும். பேச்சு எங்களுக்குத் தொழில் கருவி.

நம் பெண்களுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. வருடக்கணக்காக உள்பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக் கட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு கறுத்த பள்ளம் விழுந்திருக்கும். டேப் வாய்க்காலில் இறங்கும் தண்ணீர் மாதிரி நேராக அதில் போய் உட்காரும். அங்கே அளந்தால் வயிறு குறைந்து தெரியும். “இடுப்புன்னா இதுதானம்மா, நீ ஏன் மேல ஏறுற” என்று சண்டைக்கு வருவார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் டாக்டர் எஸ்தர் முதலில் தன் வயிற்றைத்தான் அளக்கச் சொல்வார், எல்லாப் பெண்களும் சுற்றி நின்று பார்க்க. எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். “டாக்டரம்மாவுக்கே இம்புட்டு வயிறா?” என்று எவராவது கேட்பார். “அதனாலதான் உங்களத் தேடி வந்திருக்கேன்” என்பார் அவர். அதற்கப்புறம் வரிசை தானாக நிற்கும்.

அந்த வரிசையில் கேட்ட பேச்சையெல்லாம் நான் மனதில் சேர்த்து வைத்திருக்கிறேன். “இது வயிறு இல்லத்தா, நாலு புள்ளைக குடியிருந்துட்டுக் காலி பண்ணிட்டுப் போன வீடு” என்றார் ஒருவர். எடை மெஷினில் ஏறிய இன்னொருவர், “ஒத்தக் காலத் தூக்கிக்கிட்டா பாதிதான காட்டும்” என்று யோசனை சொன்னார். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வரச் சொன்னால் டீ குடித்துவிட்டு வருவார்கள். “டீயெல்லாம் சாப்பாடா? பல்லு விளக்குனதும் வாய்க்கு ஒரு வேலை.” அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு மறுநாள் விடியும்போது போய் நிற்போம்.

எங்களுக்கே முதலில் புரியாத விஷயம் ஒன்று உண்டு. கை குச்சி, கால் குச்சி, வயிறு மட்டும் பானை மாதிரி முன்னால் வந்திருக்கும் ஆட்களுக்குத்தான் சர்க்கரை முதலில் வந்து நின்றது. குண்டாக இருக்கும் சிலர் நன்றாக இருந்தார்கள். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றி உட்காரும் கொழுப்புதான் வம்பு செய்கிறது என்று டாக்டர் எங்களுக்கு விளக்கினார். “ஆனா ஒரு நல்ல சேதியும் இருக்கு. நாம உழைக்க ஆரம்பிச்சா முதல்ல கிளம்பிப் போறதும் அதுதான்” என்றார். அந்த நல்ல சேதியை நான் கண்ணால் பார்த்தது பாண்டியம்மா அக்காவிடம்.

எரியோடு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு பலகாரக் கடை. காலையில் இட்லி, பணியாரம். சாயங்காலம் வடை. வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், மகள்களைக் கட்டிக்கொடுத்தாயிற்று. தம்பி முருகேசன், தம்பி மனைவி சுமதி, எல்லாரும் ஒரே வீடு. முருகேசன் காய்கறி ஏற்றும் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சுமதி கடையில் அக்காவுக்குக் கூடமாட வேலை செய்வார். அக்கா எங்கள் ஆராய்ச்சியில் முதல் வருடத்திலிருந்தே இருந்தவர். நான் டேப்பை எடுத்தாலே, “வந்துட்டாடா டேப்புக்காரி, என் சுற்றளவு தெரியலன்னா கவர்மெண்டு நடக்காது போல” என்பார். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. அவர் கவலைப்படவில்லை. நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொள்வார், எங்களுக்கு வடை தருவார்.

அப்படி இருக்கும்போதுதான் முருகேசனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துபோயின. வாரத்தில் இரண்டு நாள் திண்டுக்கல்லுக்கு வந்து டயாலிசிஸ். நாளெல்லாம் சேர்த்து இரண்டு டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம். வெயிலில் லாரி ஓட்டிய மனுசன், ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிறுநீரகம் கொடுக்க சுமதியின் இரத்த வகை பொருந்தவில்லை. அக்காவுடையது பொருந்தியது. சந்தோஷமாக மதுரைக்குப் போனார்கள். அங்கே எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டு, முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்து டாக்டர் எஸ்தர் முன்னால் உட்கார்ந்தார்.

“கிட்னி என்னோடது. குடுக்கப் போறது நானு. வாங்கிக்கிறவன் எந் தம்பி. நடுவுல இந்த வயிறு எதுக்கு டாக்டர் வந்து பேசுது?”

டாக்டர் மதுரைச் சீட்டுகளை எல்லாம் நிதானமாகப் பார்த்தார். எடை அதிகம், வயிற்றில் கொழுப்பு அதிகம், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது.

“அவங்க உங்களத்தான் காப்பாத்துறாங்கம்மா. ஒண்ணத் தம்பிக்குக் குடுத்துட்டா, மிச்ச ஒண்ண வச்சுத்தான் நீங்க ஓட்டணும். சர்க்கரை வந்து அதையும் கெடுத்துருச்சுன்னா, தம்பி எந்திரிச்ச கட்டில்ல நீங்க படுப்பீங்க.”

“அவன் படுக்காம இருந்தாச் சரி.”

“அப்படிச் சொன்னா எந்த டாக்டரும் கத்தியத் தொட மாட்டாங்க. அவங்க என்ன சொன்னாங்க? கொறச்சுட்டு வாங்கன்னுதான? பொங்கலுக்கு அப்புறம் மறுபடியும் பாக்குறோம்னு எழுதியிருக்காங்க. இப்ப ஆடி.”

 அக்கா என்னைப் பார்த்து, “ஏத்தா டேப்புக்காரி, இம்புட்டு வருசம் அளந்தியே, கொறைக்கிறதுக்கு ஒரு டேப்பு இருந்தாக் கொண்டா” என்றார்.

டாக்டர் மதுரையில் பேசிவிட்டு, அவர்கள் சம்மதத்தோடு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். சோறு பாதி, காய் இரண்டு பங்கு. தினம் பருப்போ முட்டையோ. சீனி இல்லாத டீ. இரண்டு வேளையும் நடை. பட்டினி மட்டும் கிடக்கக் கூடாது. மாதம் ஒரு தடவை நாங்கள் அளக்க வேண்டும்.

ஆவணியில் அளந்தோம். அக்கா முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தார். டேப்பைச் சுற்றினேன், கணிசமாகக் குறைந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டர் எஸ்தர் எழுந்து வந்து அக்காவின் இடுப்பை ஓரமாக ஒரு தடவை தடவிப் பார்த்தார். நாடா சதைக்குள் புதைந்து கிடந்தது. காலையில் சுமதியை முதுகில் முழங்கால் கொடுத்து இழுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறார்.

“நாடாவத் தளத்திட்டு, காத்தாட உக்காருங்கம்மா. கடையில வியாபாரம் எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க” என்றார் டாக்டர். அக்கா வியாபாரக் கதை சொன்னார். வயிறு தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, “மறுபடியும்” என்றார். இம்மியும் குறையவில்லை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, என்றைக்கும் பேசவில்லை.

புரட்டாசியிலும் குறையவில்லை. எங்களுக்குப் பிடிபடவே இல்லை. நடக்கிறார். சோற்றைக் குறைத்துவிட்டார். நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று டம்ளரையும் கரண்டியையும் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டால், ரெண்டு இட்லி, கொஞ்சம் சோறு, காய், ராத்திரி ஒரு தோசை என்கிறார். சாமி மேல் ஆணையாக அவ்வளவுதான் என்கிறார். கூட வேலை பார்த்த ஒருவர், “பொய் சொல்றாங்க” என்றார். டாக்டர், “தம்பி உயிருக்காக வந்தவங்க பொய் சொல்ல மாட்டாங்க. நம்ம கேள்விதான் எங்கேயோ ஓட்டை” என்றார். மறுநாள் விடிகாலையில் நானும் அவரும் எரியோடு பஸ் ஏறினோம்.

கடையில் ஒரு ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்தோம். டாக்டர் ஒரு டீயை வாங்கி ரொம்ப நேரம் குடித்தார். அக்கா அடுப்புக்கு முன்னால், சுமதி சட்னிக்குப் பக்கத்தில். நான் சுமதியிடம் மெதுவாகக் கேட்டேன், “அக்கா சொல்ற கணக்கு நெசந்தானா?”

சுமதி எண்ணெய்க் கரண்டியைக் கீழே வைத்தார். “மதினி பொய்யே சொல்லலக்கா. உக்காந்து அவுக ரெண்டு இட்லிதான் திங்கிறாக. நின்னுக்கிட்டுத் திங்கிறத நீங்க கேக்கலையே.”

“ஏண்டி, உப்புப் பாக்குறது திங்கிறதாடி?” என்றார் அக்கா திரும்பாமலேயே.

“நான் ஒண்ணும் சொல்லல. தட்டு சொல்லட்டும்.”

சுமதி ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து பெஞ்சில் வைத்தார். அக்காவின் கை வாய்க்குப் போகும்போதெல்லாம், என்ன போனதோ அதே அளவை எடுத்துத் தட்டில் போட்டார். முதல் ஈடு பணியாரம் வெந்ததா என்று பார்க்க ஒன்று. இரண்டாம் ஈட்டில் காரம் பார்க்க ஒன்று. சட்னியில் உப்புப் பார்க்க, தொட்டுக்கொள்ள இட்லியில் பாதி. உடைந்துபோன பணியாரத்தை ஆட்களுக்கு வைக்க முடியாது, அது வாய்க்கு. ஒரு பிள்ளை தின்னாமல் விட்டுப்போன முக்கால் இட்லி, “வீணாப் போகுதே” என்று வாய்க்கு. டீ பதம் பார்க்கச் சீனியோடு இரண்டு மடக்கு, அப்புறம் இன்னும் இரண்டு மடக்கு. சாயங்கால வடைக்குப் பருப்பு ஊறிவிட்டதா என்று ஒரு கை. அக்கா முதலில் சிரித்துக்கொண்டே, “போடுடி போடு, நல்லாப் போடு” என்றார். கடைக்கு வந்தவர்களும் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரியவர், “பாண்டி, யாருக்கும்மா படையல்?” என்று கேட்டார்.

கூட்டம் குறைந்தபோது அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். தட்டில் பலகாரம் மலையாகக் குவிந்து கிடந்தது. பக்கத்தில் டம்ளர் நிறைய டீ.

“இம்புட்டும் நானா?”



நம் ஊர்களில் சாப்பாடு என்றால் உட்கார வேண்டும், தட்டு வைக்க வேண்டும், ஒருவர் பரிமாறாவிட்டாலும் தானாவது போட்டுக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டு வாயில் போடுவது வேலையில் சேர்த்தி. அதைச் சாப்பாடு என்று எந்தப் பெண்ணும் நினைத்ததில்லை, நான் உட்பட. ஆனால் அக்காவுக்கு அந்த நிமிடத்தில் தோன்றியது வேறு.

“எந் தம்பிக்கு நானே குறுக்க நின்னுருக்கேன்” என்றார். கண் கலங்கிவிட்டது.

“அழுகாதீக மதினி. மாவு பக்கத்துல இருக்கு, உப்புக் கூடிப்போகும்” என்றார் சுமதி. சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

டாக்டர் எஸ்தர் தன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “பாண்டியம்மா, இது ரொம்ப நல்ல சேதி” என்றார். “கொறையாததுக்குக் காரணம் தெரியாமத்தான நேத்து வரைக்கும் தவிச்சோம். இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே எறங்கும்.” திரும்பிவரும் பஸ்ஸில் அவர் எங்கள் எல்லாருடைய கேள்வியையும் மாற்றி எழுதினார். அந்த வாரத்திலிருந்து எல்லா ஊரிலும், நின்றுகொண்டு, நடந்துகொண்டு, ருசி பார்க்க, வீணாகாமல் இருக்க வாயில் போட்டது என்ன என்று தனியாகக் கேட்டோம். அடேயப்பா, எத்தனை பணியாரம், எத்தனை பிள்ளைகள் மிச்சம் வைத்த சோறு. வருடக்கணக்காகக் கணக்கில் வராமல் நின்ற சாப்பாடெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தது.

கடையில் உப்புப் பார்க்கும் வேலை சுமதிக்குப் போனது. இரண்டு வாரம் ஊரே புலம்பியது. “சுமதி கைக்கு உப்புன்னாக் கொள்ளைப் பிரியம் போல” என்று பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். பிறகு அக்கா சட்னியைக் கரண்டியில் எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், “இன்னும் ரெண்டு கல்லு” என்று வாசத்தை வைத்தே சொல்லப் பழகிக்கொண்டார். பிள்ளைகள் மிச்சம் வைப்பதைப் போட ஒரு வாளி வைத்தார். பக்கத்து வீட்டு ஆடு கொழுத்தது.

நடையிலும் ஒரு தொந்தரவு இருந்தது. எரியோட்டில் ஒரு பெண் காரணமில்லாமல் நடக்க முடியாது. எதிரில் வருகிற ஒவ்வொருவரும், “எங்க போறீக?” என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்றால் வீட்டில் சண்டை என்று நினைப்பார்கள். அதனால் அக்கா கையில் ஒரு காலிப் பையை வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் மாதிரி போய்ப் பார்த்தார். வழியில் நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். ஒருநாள் அலுத்துப்போய்ப் பையைக் கடையிலேயே எறிந்துவிட்டுக் கிளம்பினார். கேட்டவரிடம், “என் கிட்னியக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போறேன்” என்றார்.

இந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. மறுநாளிலிருந்து எதிரில் வருகிறவர்கள், “எங்க வரைக்கும் வந்துருச்சு மதுரை?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். “இப்பத்தான் திண்டுக்கல்லு தாண்டிருக்கேன்.” பிறகு இரண்டு பெண்கள் கூட நடந்தார்கள், பிறகு ஆறு பேர். தெருவில் ஒரு ஊர்வலமே போனது.

ஐப்பசியில் டேப் இறங்கியது. நான் இரண்டு தடவை அளந்தேன், டாக்டர் மூன்றாவது தடவையும் அளக்கச் சொன்னார். இறங்கியதுதான். கார்த்திகையில் எடை அப்படியே நின்றுவிட்டது, அக்கா இடிந்துபோனார். “எடை மெஷினுக்குச் சதையும் கொழுப்பும் ஒண்ணுதாம்மா. நடந்து நடந்து காலுல சதை ஏறுது, வயித்துல கொழுப்பு எறங்குது. டேப்பப் பாருங்க” என்றார் டாக்டர். டேப் இன்னும் இறங்கியிருந்தது. சர்க்கரையும் எல்லைக்கோட்டை விட்டுப் பின்வாங்கியிருந்தது. அக்கா எங்கள் அலுவலகப் படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடிக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

நடுவில் முருகேசன் ஒருநாள் முரண்டு பிடித்தார். “வேணாம்க்கா. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருக்குறது?”

“உனக்காகன்னு எவன்டா சொன்னான்? நீ போயிட்டா உம் பொண்டாட்டி போடுற உப்ப நான் ஒருத்தியா தின்னு சாகணும். பேசாம இரு” என்றார் அக்கா.

பொங்கல் முடிந்து மதுரைக்குப் போனார்கள். நானும் போனேன். “டேப்புப் புடிச்ச கை கூட வந்தாத்தான் வருவேன்” என்று அக்கா சொல்லிவிட்டார். மறுபடியும் எல்லாப் பரிசோதனையும். இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்த பெரிய டாக்டர் புதுச் சீட்டையும் பழைய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். வயிற்றுக் கொழுப்பு, ஈரல், சர்க்கரை, எல்லாம் மாறியிருந்தது.

“என்ன மருந்தும்மா சாப்பிட்டீங்க?”

“சாப்பிடாததுதான் சார் மருந்து.”

அவர் சிரித்துவிட்டு, “உங்க தம்பிக்கு நீங்க குடுக்கலாம்” என்றார்.

சுமதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே ஓடிவந்து டாக்டர் எஸ்தருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.   “மறுபடியும் சொல்லுங்க” என்றார். சொன்னேன். அவர் குரல் உடைந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் அக்காவை எழுப்பி உட்கார வைத்து, வராந்தாவில் மெதுவாக நடக்கச் சொன்னார்கள். முருகேசன் அதே மாடியில், வராந்தாவின் கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறையில் இருந்தார். கிருமி படக் கூடாது என்பதால் யாரையும் விட மாட்டார்கள். சுமதியே கீழே மருந்துக் கடை வாசலில்தான் காத்திருந்தார். தம்பி நன்றாக இருக்கிறார், சிறுநீரகம் வேலை செய்கிறது என்று வருகிற டாக்டரெல்லாம் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

“எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாக” என்று அக்கா என் காதில் சொன்னார். “புளிச்ச சட்னியக் குடுத்துட்டு நானும் அப்படித்தான் சொல்லிருக்கேன். நான் பாக்கணும்.”

இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலது பக்கம் திரும்பினார். அங்கேதான் அந்த நர்ஸ் வந்து மறித்தது. அக்கா தன் கேள்வியைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றார். வலிக்கிறது என்று முகத்தில் தெரிந்தது. பின்வாங்குகிறவர் மாதிரி தெரியவில்லை. நர்ஸ் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டு உடனே வந்துரணும்மா” என்று வழி விட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முருகேசன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். உள்ளே இருந்த இன்னொரு நர்ஸ், வெளியே அங்கி போட்டு நிற்கிற பெண்மணி யாரென்று புரிந்துகொண்டு, என்ன என்று கையால் கேட்டது. அக்கா கட்டிலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த பையைக் காட்டினார். அந்தப் பெண் குனிந்து அதைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தது. மாதக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகக்கூட வராமல் நின்றுபோயிருந்த மனிதருக்கு, பையில் பாதிக்கு மேல் தெளிந்த மஞ்சள் தண்ணீர் நிறைந்திருந்தது. குழாயில் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா முகத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்தார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. அங்கியின் கையால் அதை அழுத்தித் துடைத்தார். பிறகு என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, யார் பிடியும் இல்லாமல் நிமிர்ந்து நின்று, மறுபடியும் பார்த்தார்.